ஒலிக்குறிப்புச் சொற்களும் வேங்கடத்து இருமொழி வழக்கும்

தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வடவெல்லையாக வகுத்துரைத்தார். எல்லை என்றவுடன், அவ்விடத்தில் ஒரு மொழி ஓய்ந்து மற்றொரு மொழி தொடங்கிவிடும் என்று நிலப்படத்தை மட்டும் நோக்குவார் கருதுதல் கூடும். அம்மலையின் அடிவாரத்திலும் சித்தூரிலும் குடியிருக்கும் நமக்கோ அவ்வாறு தோன்றுவதில்லை. இங்கே இரு மொழிகளும் ஒரே தெருவில், ஒரே குழாயடியில், சில வீடுகளில் ஒரே அடுப்பங்கரையில் வழங்கிவருகின்றன. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழ். அதே கோயிலில் இரவில் இறைவனைத் துயிலச் செய்யப் பாடப்பெறும் தாலாட்டோ தெலுங்கு.

அரசியல் எல்லைகள் இப்பகுதியில் பன்முறை மாறியுள்ளன. சித்தூர் முன்னர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டின் சில பகுதிகளையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் ஆந்திரத்தின்பாற்பட்டது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கர் கூறிய தீர்வின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

இவ்வெல்லை வரலாற்றை அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, நாம் தேர்ந்துகொண்டது அதனினும் மிகச் சிறிய பொருள். சலசல, கலகல, படபட, விண்விண் என நாவில் தாமே வந்து விழும் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றியது இக்கட்டுரை. இவை பிள்ளை மொழி என்றும், எழுத்திற்கு ஏலாத பேச்சு என்றும் எண்ணுவார் உளர். நம் குடும்பங்களில் ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கடக்கும்போது முதலில் கைநழுவிப் போகும் சொற்கள் இவையே. நழுவியது நழுவியதாகவே பலருக்குத் தெரிவதுமில்லை.

ஓசையைப் போன்ற சொல்லாயின், ஓசை எங்கும் ஒன்றுதானே, அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு என்று வினவலாம். இவ்வினாவிற்கு நம் தெருவே விடை கூறுகிறது. ஓடை நீரும் உலர்ந்த சருகும் தமிழர் செவிக்குச் 'சலசல' என்கின்றன. தெலுங்கரோ அடுப்பில் நீர் கொதிப்பதைத்தான் 'ஸலஸல' என்பர். தமிழில் 'வளவள' என்றால் ஓயாத பேச்சு. தெலுங்கில் 'வலவல' என்றால் கண்ணீர் பெருகும் அழுகை. தமிழில் 'மளமள' என்றால் விரைவு. தெலுங்கில் 'மலமல' என்றால் வெயிலாலோ பசியாலோ வாடிக் கருகுதல். தமிழில் 'தளதள' என்பது செழிப்பு. தெலுங்கில் அது பளபளப்பு. பசியால் வயிறு 'கபகப' என்று எரிகிறது என்கிறோம். அதே ஓசையைக் 'கங்கை' என்னும் சொல்லின் முதலெழுத்தைப்போல் அழுத்தி ஒலித்தால் தெலுங்கில் 'விரைந்து' என்று பொருள்படும். கபகப என்கிறது வயிறு என்று விருந்தினர் கூற, விரைந்து உண்டு எழவேண்டும் போலும் என்று வீட்டார் கொள்வாராயின், அதில் வீட்டார் பிழை ஒன்றுமில்லை.

வெலவெல என்னும் சொல் இன்னும் நுட்பமானது. தமிழில் அது அச்சத்தாலோ சோர்வாலோ உடல் நடுங்குதல். தெலுங்கில் முகம் வெளிறி ஒளியிழத்தல். அஞ்சிய ஒருவனிடம் இரண்டும் ஒருங்கே காணப்படும். ஒரு மொழி அவனுடைய கைகால்களைப் பார்த்தது, மற்றொன்று முகத்தைப் பார்த்தது எனலாம்.

இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதற்குத் தொல்காப்பியனாரிடமே செல்லவேண்டும். இரட்டைக்கிளவி இரண்டாகவே நிற்கும், பிரித்தால் பொருள் தராது என்ற அளவோடு பள்ளிப் பாடம் நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டுவது இடையியலில் உள்ளது. அங்கே 'என' என்னும் இடைச்சொல்லை எடுத்து, அஃது இசை, குறிப்பு, பண்பு, வினை, பெயர், எண் ஆகிய ஆறு நிலைகளில் வரும் என்று ஆசிரியர் வகுத்துள்ளார். 'ஒல்லென' என்பது செவியால் கேட்பது; அஃது இசை. 'துண்ணென' என்பது நெஞ்சில் நிகழ்வது, செவிக்கு எட்டாதது, அது குறிப்பு. 'வெள்ளென' என்பது கண்ணால் காணும் நிறம், அது பண்பு. மூன்றையும் ஒரே 'என'வினால் கட்டிய போதிலும், மூன்றும் வெவ்வேறு என்று அக்காலத்திலேயே பிரித்துக் காட்டியது வியப்பிற்குரியது. ஓசையைப் போலச் செய்யும் சொல் வேறு, ஓசையற்ற ஒன்றை ஓசையால் உணர்த்தும் சொல் வேறு. பிற்காலத்தில் ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்ந்த டோக் என்பார் 1935ஆம் ஆண்டில் இத்தகைய சொற்களுக்கெனத் தனிப் பெயர் ஒன்றை வழங்கினார். சப்பானியரும் ஓசையைப் போலி செய்யும் சொற்களையும் நிலையைப் போலி செய்யும் சொற்களையும் இரு வகையாகப் பிரித்து வழங்குகின்றனர்.

'என' என்பது 'என்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. என்னுதல் என்பது சொல்லுதல். சருகு சலசலவென ஒலித்தது என்னும்போது, சருகு 'சலசல' என்று சொல்லிற்று என்கிறோம். தெலுங்கிலும் இவ்வாறே 'அனு' என்னும் சொல், ஒலிக்குறிப்பின் பின்னே வந்து 'மனி' என்று நிற்கும். அச்சம் தாக்கும்போது தமிழ் நெஞ்சு 'திக்' என்று சொல்லும். தெலுங்கு நெஞ்சு 'ஜல்' என்று சொல்லும். சொல்லும் சொல் வேறாயினும், நெஞ்சைச் சொல்லவைக்கும் முறை ஒன்று.

இவ்வொட்டிற்கு மற்றொரு பயனும் உண்டு. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்கலாகாது. வல்லெழுத்துப் புள்ளியோடு முடியவுமாகாது என்பது இலக்கணம். ஒலிக்குறிப்புகளோ இவ்வேலியை மதிப்பதில்லை. டமடம, டக், சட், வெடுக் என்று அவை தம் விருப்பம்போல் பிறக்கின்றன. பின்னால் 'என'வைச் சேர்த்தவுடன் 'சட்டென', 'வெடுக்கென' என்று வாக்கியத்திற்குள் அடங்கிவிடுகின்றன. கைப்பிடியில்லாத பாத்திரத்திற்கு இடுக்கி போல் 'என' பயன்படுகிறது.

நிற்க. ஓசை ஒன்றே, செவியே வேறு என்பதற்கு உயிரினங்கள் நல்ல சான்று. சேவல் தமிழில் 'கொக்கரக்கோ' எனவும், தெலுங்கில் 'கொக்கொரொகோ' எனவும், பிரெஞ்சில் 'கோகோரிகோ' எனவும் கூவும். இவை உடன்பிறந்தவை போல் உள்ளன. ஆங்கிலச் சேவலோ 'காக்-எ-டூடில்-டூ' என்று வேறு பாட்டுப் பாடும். தவளை தெலுங்கில் 'பெகபெக' என்னும். தமிழ்ப் பசு 'அம்மா' என்று கதறும். தெலுங்குப் பசு 'அம்பா' என்னும். தெலுங்கிலும் தாய்க்கு 'அம்ம' என்றே பெயராயினும், அம்மொழியினர் பசுவிற்கு மட்டும் அச்சொல்லைக் கொடாது விட்டது ஏனோ!

இருப்புப்பாதை ஊழியராகிய நாம் இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது கடத்தல் இயலாது. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகப் பாகாலாவுக்குச் செல்லும் பாதையில் முற்காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடின. இரு உருளைகள் கொண்ட எஞ்சினில், சக்கரம் ஒருமுறை சுழல நான்கு முறை ஆவி புகைபோக்கி வழியே வெளிப்படும். அந்நான்கு வீச்சுகளைத் தமிழ்ச் சிறுவர் 'சிக்குபுக்கு' என்றனர். தெலுங்குச் சிறுவர் 'சுக்சுக்' என்றனர். காட்பாடியில் புறப்பட்ட எஞ்சின் பாகாலாவில் தன் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்ட செவிகள் மாறின. மலை இரயில் போன்ற சில இடங்கள் நீங்கலாக அவ்வெஞ்சின்கள் இருபதாம் நூற்றாண்டோடு ஓய்வு பெற்றன. தண்டவாள இணைப்புகளைப் பற்றவைத்து நீளமாக்கியபின் பழைய 'தடக் தடக்' ஓசையும் பெரிதும் குறைந்தது. ஆயினும் அவ்வொலியைக் கேட்டே அறியாத இன்றைய குழந்தை, பொம்மை வண்டியைத் தரையில் உருட்டிக்கொண்டு 'சிக்குபுக்கு' என்கிறது. ஓசை மறைந்தது, சொல் நின்றது. ஒலிக்குறிப்புச் சொல்லின் வரலாற்றில் இது முதற்படி.

இரண்டாம் படியைத் திருமலையிலேயே காணலாம். மார்கழித் திங்களில் திருமலைக் கோயிலில் வடமொழிச் சுப்ரபாதத்திற்கு மாறாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்பெறுகிறது. ஆந்திர நாட்டின் நடுவே தமிழால் இறைவனைத் துயிலெழுப்பும் மாதம் அது. திருப்பாவையின் ஏழாம் பாசுரம் விடியற்கால ஓசைகளாலேயே அமைந்தது: ஆனைச்சாத்தன் என்னும் பறவையின் 'கீசுகீசு', ஆய்ச்சியர் தயிர் கடையும் அரவம், அவர்தம் அணிகள் கலகலக்கும் ஒலி. பாசுர விரிவுரை செய்வோர் அப்பறவையின் பேச்சை 'அநட்சர ரசம்' என்பர்; எழுத்தில் அடங்காத சுவை என்பது பொருள். அதனைத் தெலுங்கில் உணர்த்துவது கடினமன்று. அம்மொழியில் பறவைகள் 'கிசகிச' என்னும். கீச்சொலி எழுப்பும் சிள்வண்டிற்குக் 'கீசுராயி' என்றே பெயர். பறவையின் குரல் எல்லையைத் தடையின்றிக் கடக்கிறது.

அதே பாசுரத்து அணிகலனின் 'கலகல' அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. ஆண்டாள் காலத்தில் அஃது அணிகளின் ஒலி. தெலுங்கில் இன்றும் வளையலும் காசும் ஒலித்தால், ஆறு ஓடினால், அது 'கலகல'தான். முதலெழுத்தை மட்டும் முற்கூறியவாறு அழுத்தி ஒலிப்பர். தமிழில் அச்சொல் மெல்ல மெல்ல நகைப்பொலிக்கு ஆயிற்று. பின்னர் ஒலியையும் விட்டுவிட்டு மகிழ்ச்சிக்கே பெயராயிற்று. 'வீடு கலகலப்பாக இருக்கிறது' என்றால் ஓசை மிகுந்துள்ளது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. இக்கலகலப்பைத் தெலுங்கர் 'களகள' என்பர். ஆங்கு அது பெரும்பாலும் கண்ணுக்குரிய பொலிவு. நம் செவி மகிழ்ந்தது. அவர் கண் மகிழ்ந்தது. இனி மூன்றாவதாக, அவர்களிடம் 'கலகலம்' என்னும் சொல் வேறு உண்டு. அதற்குப் பரபரப்பு, கலவரம் என்று பொருள். மலைப்பாதையில் சிறுத்தை தென்பட்டால் தெலுங்கு நாளேடு 'கலகலம்' என்று தலைப்பிடும். தெலுங்கு எழுத்தைப் புதிதாகக் கற்ற தமிழர் அதனை வாசித்து, மலைமீது ஏதோ திருவிழா என்று எண்ணினால் நாம் நகைக்கலாகாது.

ஓசையாகப் பிறந்த சொல் காலப்போக்கில் ஓசையைத் துறந்து உணர்வைக் குறிக்கத் தொடங்குகிறது. சலசல என்பது சலசலப்பாகி, அவையில் எழும் அதிருப்தியைக் குறிக்கிறது. படபட என்பது படபடப்பாகி நெஞ்சிற்கு வந்தது. முணுமுணுப்பு மனக்குறையாயிற்று. தொல்காப்பியனார் இசை என்றும் குறிப்பு என்றும் பிரித்த இரண்டனுள், சொற்கள் இசையினின்று குறிப்பை நோக்கி நடக்கின்றன. இசையாக இருக்கும்வரை அயல்மொழியான் ஓரளவு ஊகித்துக்கொள்வான். குறிப்பாக மாறியபின் அவன் செவி அவனுக்குத் துணை செய்யாது. ஒரே ஓசையிலிருந்து புறப்பட்ட இரு மொழிகள் வெவ்வேறு உணர்வுகளைச் சென்றடைந்திருக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளன் இடறி விழுவது இவ்விடத்தில்தான். ஓசையை வைத்துக்கொண்டால் பொருள் போகிறது. பொருளை வைத்துக்கொண்டால் துடிப்புப் போகிறது.

குறிப்பிற்கு வேறு சான்றுகளும் வேண்டுமாயின் சமையலறைக்குச் செல்லலாம். மணத்திற்கு ஓசை உண்டா? ஆயினும் நாம் 'கமகம' என்கிறோம். தெலுங்கர் 'குமகும' என்கின்றனர். மலையடிவாரத்தில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடை தமிழர்க்கு 'மொறுமொறு', தெலுங்கர்க்குக் 'கரகர'. தமிழில் கரகரப்பது தொண்டையாதலின், கரகரவென்ற வடை நமக்கு ஊறு செய்யும் போலத் தோன்றுகிறது! தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது இழப்பு இன்னும் பெரிது. சட்டென, பட்டென, வெடுக்கென, பொசுக்கென, சரேலென, லபக்கென என்பவை அனைத்தும் 'சடன்லி' என்னும் ஒரு சொல்லில் சென்று மடிகின்றன. கையிலிருந்ததை வெடுக்கெனப் பிடுங்கலாம். உயிர் பொசுக்கெனப் போகலாம். பருந்து சரேலென இறங்கலாம். இவற்றை இடம் மாற்றிச் சொன்னால் தமிழ்க் குழந்தையும் சிரிக்கும்.

இனி இலக்கண நூலாரும் அகராதியாரும் இவற்றை எவ்வாறு போற்றினர் என்பதைச் சுருங்கக் காண்போம். வடமொழியில் பாணினி, எழுத்தாகத் தெளியாத ஒலியைப் போலிசெய்தலை 'அவ்யக்தானுகரணம்' என்றார். தெலுங்கர் இவ்வகைச் சொற்களை 'அனுகரணம்' என்றே வழங்குகின்றனர். செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் தெலுங்குப் புலவராய் விளங்கிய பரவஸ்து சின்னயசூரி 1858இல் 'பாலவியாகரணம்' இயற்றினார். தமிழ் மண்ணில் பிறந்தவர் தெலுங்கிற்கு இலக்கணம் செய்தது நம்போன்ற எல்லைவாழ்நர்க்கு இனிய செய்தி. சொல் இரட்டித்து வரும்போது பின்வரும் பகுதியை அந்நூல் 'ஆம்ரேடிதம்' என்று கூறும். 'பட்டபகலு', 'நட்டநடும' என்பவை அதிற் கூறப்படும் இரட்டிப்பு வடிவங்கள். பட்டப்பகல், நட்டநடு என்று அவை நம்மிடமும் உள்ளன. இவை ஒலிக்குறிப்புகள் அல்லவாயினும், இரட்டிப்பதில் இரு மொழிக்கும் உள்ள விருப்பத்தைக் காட்டுவன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒலிக்குறிப்புகளைப் புறக்கணிக்கவில்லை. 'கலகலெனல்' என்பதுபோல 'எனல்' சேர்த்தே அவற்றைத் தலைச்சொல்லாக இட்டது. நீலகிரித் தோடர் மொழியை ஆராய்ந்தவரும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான எமனோ, ஆக்ஸ்போர்டு அறிஞர் பரோவுடன் சேர்ந்து 1961இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். பின்னர் 1969இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்றும் எழுதினார். மொழிக்குடும்பங்கள் வேறாயினும் இச்சொல்லாக்க முறை இந்நாடு முழுவதும் பரவியுள்ளது என்பதும், வட இந்திய மொழிகள் இதனைத் தம் ஐரோப்பியத் தொடர்புடைய மூலமொழியினின்று பெறாமல் இம்மண்ணிலேயே பெற்றன என்பதும் அவர் கண்ட முடிவுகள். பிள்ளை மொழி என்று நாம் தள்ளிய சொற்களில் அவ்வறிஞர் ஒரு நாட்டின் மொழி வரலாற்றையே கண்டார்.

தாலாட்டைப் பற்றிக் கூறாவிடின் கட்டுரை குறைவுபடும். 'தால்' என்பது நாக்கு. நாவை அசைத்து எழுப்பும் ஓசையே தாலாட்டு. நம் அன்னையர் 'ஆராரோ' என்பர். பெரியாழ்வார் கண்ணனுக்குத் 'தாலேலோ' பாடினார். தெலுங்கில் 'ஜோ' என்னும் ஓசையும் 'லாலி' என்னும் ஓசையும் இதற்குரியவை. 'ஜோல' என்றாலே அங்குத் தாலாட்டு. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வழியினர் பாடும் லாலியும், தரிகொண்ட வெங்கமாம்பா பெயரால் வழங்கும் முத்து ஆரத்தியும் திருமலையில் இரவு ஏகாந்த சேவைக்கு உரியன. ஆராரோவிற்குப் பொருள் என்ன, ஜோவிற்குப் பொருள் என்ன என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. எந்த மொழிக் குழந்தையும் எந்த மொழித் தாலாட்டிற்கும் உறங்கிவிடும்.

ஆனால் குழந்தை வளர்ந்தபின், முதியோருக்காகப் பேசவேண்டிய நாள் வருகிறது. நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு உண்மையான காரணம் அதுவே. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலூரை அடையலாம். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய கிறித்தவ மருத்துவமனைக்கு இப்பக்கத்துத் தெலுங்கர் பலர் செல்கின்றனர். நம் தமிழ் முதியோரோ திருப்பதியிலும் சித்தூரிலும் தெலுங்கு பேசும் மருத்துவரிடம் செல்கின்றனர். இரு திசையிலும் நோயாளி கொண்டுசெல்வது பெரும்பாலும் ஒலிக்குறிப்புச் சொற்களையே. 'கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. விரல் நுனி மதமதவென்று இருக்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. தலை கிர்ரென்று சுற்றுகிறது' என்று பாட்டி சொல்கிறார். தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்ற பேரன் அருகில் நின்று மொழிபெயர்க்கிறான். அவன் சொல்வது 'நொப்பி' என்னும் ஒரே சொல். நொப்பி என்றால் வலி. பாட்டி ஐந்து சொன்னார். மருத்துவர் செவியில் ஒன்றே விழுந்தது.

இஃது அற்பமன்று. கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்சாக் என்னும் உளவியலறிஞர் 1975இல் வலியை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். நோயாளிகள் வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அதில் அடுக்கினார். துடித்தல், குத்துதல், எரிதல், இழுத்தல் முதலியன தனித்தனித் தொகுதிகளில் இடம்பெற்றன. வலி என்பது கூடிக் குறையும் ஒரே பொருள் அன்று, அதற்குப் பல வகை உண்டு என்பதை மருத்துவ உலகம் அந்நிரலால் கைக்கொண்டது. நாடியோடு ஒத்துத் தெறிக்கும் வலி வேறு. உணர்வு மரத்தல் வேறு. மருத்துவர் தேடிச் செல்லும் வழியும் வேறு. அவ்வகைகளுக்கு நம் பாட்டிமார் என்றோ பெயரிட்டுவிட்டனர்: விண்விண், சுருக், திகுதிகு, மதமத, நமநம, குறுகுறு, கிறுகிறு.

இவற்றிற்கு நேரான தெலுங்குச் சொற்கள் இல்லாமற் போகவில்லை. சுருக்கென்பது ஆங்கும் ஏறத்தாழச் 'சுருக்கு' என்றே உள்ளது. தலை கிர்ரென்று சுழல்வதும் 'கிர்ருன' என்றே வழங்கும். நெஞ்சின் படபடப்பை, 'தடதட' என்று நாம் கதவைத் தட்டும் ஓசையில், 'தட' என்பர். விண்விண்ணென்று தெறிப்பதற்கு ஒலிக்குறிப்பு அன்றி 'ஸலுபு' என்னும் சொல் உண்டு. திகுதிகு எரிச்சலுக்கு 'மண்ட', மதமதப்பிற்குத் 'திம்மிரி'. தமிழில் ஒலிக்குறிப்பாக இருப்பது தெலுங்கில் வெறும் பெயர்ச்சொல்லாக அமைந்திருப்பதை இங்கே காண்க. ஓசைக்கு ஓசை தேடுபவன் இதனை அடையமாட்டான். உடலில் நிகழ்வது யாதென அறிந்தவனே அடைவான்.

இச்சொற்கள் பாடநூலில் இல்லை. தேர்வில் கேட்கப்படுவதுமில்லை. இரட்டைக்கிளவிக்கு இரண்டு மதிப்பெண் எடுத்த மாணவனும் மதமதப்பு என்றால் என்னவென்று அறியான். இவை மடியிலும் அடுப்பங்கரையிலும் நோய்ப்படுக்கையருகிலும் கற்கப்படுபவை. தமிழ் எழுத்தை வார இறுதி வகுப்பில் கற்பித்துவிடலாம். 'விண்விண்'ணை அங்ஙனம் கற்பித்தல் அரிது. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் மூன்றும் கூடும் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. திருப்பதியின் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை உள்ளது. ஆயினும் ஒரு வீட்டுப் பாட்டியின் வலிச்சொற்களை எழுதிக்கொள்ள அவ்வீட்டாரே தக்கவர்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் முதியோர் வழங்கும் ஒலிக்குறிப்புச் சொற்களைத் தாளின் ஒரு பாதியில் எழுதி, மறுபாதியில் அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையாரைக் கேட்டு அவர் சொல்லும் சொல்லைத் தமிழ் எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும் எழுதுக. முதலில் உடல் நோய்க்குரியவை, பின்னர் சமையலுக்குரியவை, மழை, நீர், பறவை ஆகியன அதன்பின். எழுபது வயதைக் கடந்தோர் உள்ள வீடுகளிலிருந்து தொடங்குதல் நலம்.